ஜேம்ஸ் கார்விலின் அரசியலுரை: ஒரு விளிச்சொல்லின் வரலாறு

1992ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, அர்க்கன்சா மாநிலத் தலைநகராகிய லிட்டில் ராக்கில், பில் கிளின்டனின் தேர்தல் பணிமனையில் மூன்று அடிகள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. எழுதி வைத்தவர் ஜேம்ஸ் கார்வில் என்னும் தேர்தல் அறிவுரையாளர். முதலடி, மாற்றமா பழையதன் தொடர்ச்சியா என்னும் எதிர்நிலையை முன்வைப்பது. இரண்டாம் அடி, பொருளாதாரம் என்னும் ஒரு பெயரும், அதனை அடுத்து மடமையைச் சுட்டும் ஒரு விளியும் கொண்டது. மூன்றாம் அடி, மருத்துவ நலத்தை மறவாதே என்னும் ஏவல். இவற்றுள் நடுவணது மட்டுமே உலக வழக்கில் நிலைத்தது. அதுவும் எழுதப்பட்ட வடிவிலேயே நிலைக்கவில்லை. அவ்வடி எவ்வாறு திரிந்தது, திரிந்தபோது அதனைச் சொன்னவரும் எவ்வாறு மாறினார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்தல் முழக்கம் திறனாய்வுக்குரிய பொருளாகுமோ என ஐயுறுவார் உளர். திருவள்ளுவர் அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்துச் சொல்வன்மையை வைத்தார். ஆள்வோர்க்கு அறிவுரை கூறுவோனை அவனது சொல்லைக் கொண்டே அளக்க வேண்டும் என்னும் கருத்து அம்முறைவைப்பில் அடங்கியுள்ளதெனக் கொள்வது பொருந்தும். கார்வில் போன்றோரை இக்காலச் செய்தித்தாள்கள் ‘வியூக வகுப்பாளர்’ என எழுதுகின்றன. ‘சூழ்ச்சியாளர்’ என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருந்தும் அதனை ஆள இயலவில்லை. வினைசெயல்வகை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆராய்தல் என்னும் பொருளில் நிற்கும் ‘சூழ்ச்சி’ இன்று வஞ்சகம் என்னும் இழிபொருளை எய்திவிட்டது. அச்சொல்லுக்கு நேர்ந்த இழிவே அத்தொழிலுக்கும் நேர்ந்தது போலும்.

இனி அவ்வடியை நோக்குவோம். பலகையில் இருந்தது ‘பொருளாதாரம், மடையா’ என்னும் அளவே. நாளிதழ்களிலும் மேடைகளிலும் பின்னர் வழங்கியது ‘பொருளாதாரமே, மடையா’ என்பது. ஆங்கிலத்தில் அடியின் முதலில் வந்து சேர்ந்த ஒரு சிறு தொடர் செய்யும் வேலையைத் தமிழில் ஈற்றேகாரம் செய்கிறது. அவ்வேகாரம் பிரிநிலைப் பொருளது. பிறவற்றை விலக்கிப் பொருளாதாரம் ஒன்றனையே நிறுத்துவது. மூல பாடத்தில் இவ்விலக்கு இல்லை. அங்கே அது மூன்று நினைவூட்டல்களுள் ஒன்று; கீழே மருத்துவ நலம் தனக்குரிய இடத்துடன் நிற்கிறது. ஏகாரம் வந்து சேர்ந்ததும் மூன்றாம் அடி தேவையற்றதாயிற்று. மக்கள் நாவில் வழங்கும் தொடர் செப்பமடையும் என்பது பொதுவிதி. ஈண்டு செப்பமடைந்ததோடு குறைபாடும் எய்திற்று என்பது எம் கருத்து.

விளியைப் பற்றியும் சில கூறவேண்டும். ஆங்கிலத்தில் பண்பைக் குறிக்கும் அச்சொல் பெயர்த்தன்மை எய்தி விளியாய் நிற்கும்போது அதற்குப் பாலும் இல்லை, எண்ணும் இல்லை. ஒருவனையோ ஒருத்தியையோ ஒரு கூட்டத்தையோ அது விளிக்கலாம்; சொல்பவன் தன்னையே விளித்துக்கொள்ளவும் இடந்தரும். தமிழில் இது முடிவதில்லை. ‘மடையா’ என்றால் ஆண்பால் ஒருமை. ‘மடையரே’ என்றால் பலர்பால். ‘முட்டாளே’ இருபாற்கும் பொதுவாயினும் ஒருமையை விட்டு நீங்காது. எனவே மொழிபெயர்ப்போன் யாரை நோக்கிய விளி இது என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே எழுதுகோலை எடுக்க முடியும். ஆங்கிலேயர் கேட்காமலே விட்ட அவ்வினாவைத் தமிழ் இலக்கணம் நம்மைக் கேட்கச் செய்கிறது. விடை காண்பதற்கு இவரது வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

கார்வில் 1944ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் படைத்தளத்தில் பிறந்தார். வளர்ந்தது லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், தம் குடும்பப் பெயரையே தாங்கிய கார்வில் என்னும் சிற்றூரில். 1894இல் தொடங்கப்பெற்ற தொழுநோய் மருத்துவமனையால் அவ்வூர் பெயர் பெற்றது. எண்மருள் மூத்தவர் இவர். தந்தை அஞ்சல் நிலையத் தலைவர், கடையும் நடத்தியவர். தாய் வீடு வீடாகச் சென்று கலைக்களஞ்சியம் விற்றவர். அறிமுகமில்லார் வாயிலில் நின்று, சில சொற்களுக்குள் அவர் செவியைத் தன்பால் திருப்பும் கலையை மகன் எங்குக் கற்றார் என்று தேடித் திரிய வேண்டுவதில்லை. ஹார்ப்பர் லீயின் புகழ்பெற்ற புதினமே கறுப்பின மக்களைப் பற்றிய தம் இளமைக் கருத்தை மாற்றியது என இவர் கூறியுள்ளார். தென்மாநிலத்து வெள்ளையர் ஒருவர் அதனை ஒப்புக்கொள்வது சிறிதன்று.

கல்வியில் இவர் முன்னின்றவரல்லர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்காமல் வெளியேறிக் கடற்படைக் காலாட்படையில் ஈராண்டு பணிபுரிந்தார். மீண்டு வந்து 1970இல் இளங்கலைப் பட்டமும் 1973இல் சட்டப்பட்டமும் பெற்றார். சில ஆண்டுகள் வழக்கறிஞர் தொழில் பார்த்துவிட்டுத் தேர்தல் பணிக்குத் திரும்பினார். 1982இல் வர்ஜினியாவிலும் 1984இல் டெக்சசிலும் இவர் துணைநின்ற மேலவை வேட்பாளர்கள் தோற்றனர். நாற்பது வயதைக் கடந்தும் பெருவெற்றி ஒன்றும் இவர் பெயரில் இல்லை. 1986இல் பென்சில்வேனியாவில் ராபர்ட் கேசி ஆளுநரானபோதுதான் நிலை மாறியது. கேசியோ அதற்குமுன் மும்முறை அப்பதவிக்கு முயன்று தம் கட்சியின் வேட்பாளராகவும் வர இயலாதவர். பலமுறை தோற்ற வேட்பாளரும் பலமுறை தோற்ற அறிவுரையாளரும் சேர்ந்து வென்ற தேர்தல் அது. இவரது உரையில் பின்னாளில் நாம் காணும் கடுமைக்கு அடியில், தோல்வியின் சுவையை நீண்டநாள் அறிந்தவனின் பதற்றம் உள்ளது என்பதை மறத்தலாகாது.

கென்டக்கியிலும் நியூ ஜெர்சியிலும் ஜார்ஜியாவிலும் அடுத்தடுத்துக் கிடைத்த வெற்றிகளை விரித்தல் வேண்டா. 1991ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று மட்டும் இன்றியமையாதது. பென்சில்வேனியா மேலவை உறுப்பினர் ஜான் ஹைன்ஸ் விமான விபத்தில் இறந்தமையால் வந்த இடைத்தேர்தலில், மாநில முன்னாள் ஆளுநரும் நாட்டின் தலைமை வழக்கறிஞராய் இருந்தவருமாகிய டிக் தார்ன்பர்க்கை, பலரும் அறியாத ஹாரிஸ் வாஃபர்டு எதிர்த்து நின்றார். கருத்துக்கணிப்பில் மிகப் பின்தங்கியிருந்த வாஃபர்டு, நோயுற்ற உழைப்பாளிக்கு மருத்துவம் உரிமையாதல் வேண்டும் என்னும் ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு 55 விழுக்காட்டு வாக்குடன் வென்றார். மறு ஆண்டு லிட்டில் ராக்கில் எழுதப்பட்ட மூன்றாம் அடி இங்கிருந்து வந்ததே. ஆதலின் அது இடம் நிரப்ப எழுதிய அடி அன்று. வென்று காட்டிய ஒரு பாடத்தின் குறிப்பு.

1991 தொடக்கத்தில், வளைகுடாப் போர் முடிந்த வேளையில், ஜார்ஜ் புஷ்ஷின் செயலை ஒப்பியவர் பத்தில் ஒன்பதின்மர் அளவினர். 1992 நடுவில் வேலையின்மை 7.8 விழுக்காட்டை எட்டியது. வேட்பாளர் கிளின்டனோ பல்துறை அறிவு மிக்கவர். எதனைக் கேட்பினும் அதனைப் பற்றி நெடும்பொழுது பேச வல்லவர். அவரது நிறைவே அவருக்குப் பகையாகும் நிலை இருந்தது. ஜார்ஜ் ஸ்டெபனாபுலஸ், பால் பெகாலா முதலிய இளைஞர் நிறைந்த பணிமனையில், நாள்தோறும் எழும் குற்றச்சாட்டுகளுக்கு விடையிறுப்பதிலேயே பொழுது கழியக்கூடும் என்னும் அச்சமும் இருந்தது. அச்சூழலில் சுவரிலிருந்த விளி வாக்காளரை நோக்கியதன்று. எதிர்க்கட்சியினரை நோக்கியதும் அன்று. பேச்சு வழிதவறும்போதெல்லாம் பணியாளரையும் வேட்பாளரையும் எழுதியவரையும் ஒருசேர இடித்துரைப்பது அது. உளப்பாட்டுத் தன்மை என நம் இலக்கணம் கூறும் ‘நாம்’ அவ்விளியின் உள்ளே மறைந்து நிற்கிறது. தமிழில் பெயர்ப்பதாயின் ‘மடையர்காள் நாம்’ என்று எழுதினும் தகும்.

இவ்வாறு கொள்வதற்குச் சான்று உண்டு. கிறிஸ் ஹெகெடஸ், பென்னிபேக்கர் ஆகிய இருவர் 1993இல் வெளியிட்ட ஆவணப்படம் அப்பணிமனையின் உட்புறத்தைக் காட்டுவது. வாக்களிப்புக்கு முந்திய நாள் கார்வில் பணியாளரிடையே நின்று பேசும் காட்சி அதில் உளது. அன்புக்கு அடுத்தபடி ஒருவர் பிறர்க்கு அளிக்கக்கூடிய புனிதமான பொருள் தம் உழைப்பே என்னும் கருத்தைச் சொல்லி, நாத் தழுதழுத்துக் கண்ணீர் மல்கி நிற்கிறார். மடமையைச் சுட்டி இடித்தவரும் இவரே, உழைப்பைத் தொழுதவரும் இவரே. இடித்துரைக்கும் உரிமை உடனுழைப்பால் வருவது. அவ்வுரிமை உள்ளவரையில் வசைச்சொல்லும் உறவுச்சொல்லாகும். குடும்பத்துப் பெரியவர் வாயில் ‘அட மடையா’ என்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நவம்பரில் கிளின்டன் 43 விழுக்காட்டு வாக்கும் 370 தேர்வாளர் வாக்கும் பெற்று வென்றார். மூன்றாமவராக நின்ற ராஸ் பெரோ ஏறத்தாழ 19 விழுக்காடு பெற்றதையும் சேர்த்தே இவ்வெற்றியை மதித்தல் வேண்டும்; ஒரு தொடர் ஒரு தேர்தலை வென்றது என்பது மிகைக்கூற்று. ஆயினும் மக்கள் நினைவு அவ்வாறே அமைந்தது. பணிமனைச் சுவரினின்றும் இறங்கிய தொடர் நாடெங்கும் பரவியது. விளிக்கப்பட்டோர் மாறியது அப்போதுதான். இனி மடையர் ஆவார் பொருளாதாரத்தை அறியாத எதிரிகள். அதனினும் மேற்சென்று, சொல்பவனோடு உடன்படாத எவரும். தன்னையும் உட்படுத்திய விளி பிறரை மட்டும் சுட்டும் விளியாயிற்று. ஏகாரம் சேர்ந்ததும் இக்காலத்ததே. இவ்விரு மாற்றமும் தற்செயலாக ஒருங்கு நிகழ்ந்தன என்று எம்மால் கொள்ள இயலவில்லை. பிறரோடு வழக்காடுவோர்க்கே பிரிநிலை வேண்டும். தமக்குள் நினைவூட்டிக் கொள்வோர்க்குப் பெயர் ஒன்றே போதும்.

கார்வில் புகழுக்குரியவராய்ச் சிறந்த பின்னர் அவருடைய வாழ்க்கையும் ஒரு காட்சியாயிற்று. புஷ்ஷின் தேர்தற்குழுவில் உயர்பொறுப்பு வகித்த மேரி மாட்டலினை 1993 நவம்பரில் நியூ ஆர்லியன்சில் மணந்தார். இருவரும் சேர்ந்து 1994இல் எழுதிய நூல் பலராலும் படிக்கப்பெற்றது. பகைப்பாசறைகளின் இருவர் ஓரில்லில் வாழ்தல் மனிதப்பண்பின் வெற்றியென்று மகிழ்தற்குரியதே. ஆயின் அவ்விருவரும் தொலைக்காட்சியில் எதிரெதிர் அமர்ந்து சொற்போர் புரிந்தபோது, இப்பூசலெல்லாம் ஒளி அணைந்ததும் ஒழியும் விளையாட்டே என்னும் எண்ணமும் காண்போர் உள்ளத்தில் படிந்திருத்தல் கூடும். கிளின்டன்மீது குற்றஞ்சாட்டிய பெண்டிரைக் குறித்து 1990களில் இவர் கூறிய எள்ளல் ஒன்று, வண்டிவீடுகளில் வாழும் எளிய மக்களையே பணத்துக்கு விலைபோவோராகச் சித்திரித்தது. அத்தகையோரின் துன்பத்தை முன்வைத்தன்றோ பொருளாதாரம் என்னும் சொல் சுவரில் எழுதப்பட்டது? ஒரே வாயினின்று பிறந்த இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவு இவரைப் புகழ்வோரால் போதிய அளவு எண்ணப்படவில்லை.

2002 முதல் 2005 வரை சி.என்.என். தொலைக்காட்சியின் ‘கிராஸ்ஃபயர்’ நிகழ்ச்சியில் இவரும் பெகாலாவும் இடப்புறம் அமர்ந்தனர். டக்கர் கார்ல்சனும் ராபர்ட் நோவாக்கும் வலப்புறத்தார். சீறும் கேஜன் என்னும் பட்டப்பெயருக்கு ஏற்ற மேடை அது. பிரெஞ்சு வழிவந்த லூசியானா மக்களின் ஒலிப்பும், உவமை கொழிக்கும் நாட்டுப்புற நடையும், இடைமறிக்கும் விரைவும் காண்போரைக் கட்டிப் போட்டன. நன்னூலார் கூறும் அழகு பத்தனுள் முதற்கண் நிற்பது சுருக்கம். குற்றம் பத்தனுள் முதற்கண் நிற்பது குன்றக் கூறல். அழகும் குற்றமும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. பணிமனையில் கார்வில் சுருங்கச் சொன்னதன் பின்னே கணக்கெடுப்பும் களஆய்வும் பல மாத விவாதமும் இருந்தன. சுருக்கம் அவற்றின் சாறு. தொலைக்காட்சியில் சில நொடியே இடமுண்டு என்பதனாற் சுருங்கியது, பின்னே ஒன்றுமில்லை. வடிவு ஒன்றே, பொருள் வேறு. 2002 நவம்பர் தேர்தல் இரவில் தம் கட்சி தோற்றதைக் கண்டு இவர் குப்பைக்கூடையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டார். நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலும் மடனும் உள. இரண்டும் அக்காட்சியில் உள. சிரித்தோம். தோல்வியின் காரணம் யாது என்பதற்கு அக்கூடை விடை கூறவில்லை.

2004 அக்டோபரில் நகைச்சுவையாளர் ஜான் ஸ்டூவர்ட் அந்நிகழ்ச்சிக்கு வந்து, நீங்கள் நாட்டுக்குத் தீங்கு செய்கின்றீர் என்று நேரே கண்டித்தார். அன்று இருக்கையில் இருந்தவர் பெகாலாவும் கார்ல்சனும், கார்வில் அல்லர். சில மாதங்களில் நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. 2005 ஆகஸ்டில், வேறொரு நிகழ்ச்சியில், கார்விலின் குத்தலைத் தாளாது நோவாக் நேரலையிலேயே எழுந்து வெளியேறினார். இந்நிகழ்ச்சிகளை வேடிக்கையாகவே எழுதிச் செல்வோர் மிகுதி. நாம் காண்பது வேறு. தேர்தல் அறிவுரையாளன் சொல்லுக்கு ஒரு தவணை நாள் உண்டு. நவம்பர் மாதத்து ஒரு செவ்வாயன்று அது மெய்யோ பொய்யோ எனத் தெரிந்துவிடும். பொய்யாயின் அவன் தொழிலே போம். கருத்துரையாளன் சொல்லுக்கு அத்தகைய தவணை இல்லை. நேற்றுச் சொன்னது பொய்த்தாலும் இன்று மாலை இருக்கை அவனுக்குக் காத்திருக்கும்.

தேர்தற் சூழ்வோரின் பொறுப்பை நாம் மிகுத்துரைப்பதாக ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பில் வலிமை உண்டு. பொலிவியாவில் 2002ஆம் ஆண்டுத் தேர்தலில் கோன்சாலோ சான்செஸ் டி லோசாடாவுக்குத் துணைநின்ற அமெரிக்க நிறுவனம் கார்வில் தம் தோழருடன் நடத்தியதே. நாடு நெருக்கடியில் உள்ளது, அதனைத் தீர்க்க வல்லவர் இவரே என்பதை ஒரே பொருளாக அவர்கள் நிறுத்தினர். ரேச்சல் பாய்ன்டன் 2005இல் எடுத்த ஆவணப்படம் இதனை உள்ளிருந்து காட்டுகிறது. வேட்பாளர் 22 விழுக்காட்டுச் சொச்சம் வாக்குடன் முதலில் நின்று, பேரவையின் தேர்வால் ஆட்சி எய்தினார். 2003 அக்டோபரில், எரிவாயு ஏற்றுமதியை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியில் பொதுமக்கள் பலர் துப்பாக்கிக்கு இரையாக, அவர் பதவி துறந்து அமெரிக்கா சென்றார். தவணை நாளில் கணக்கு நேராயிருந்தது. அதற்குப் பின்வந்த ஓராண்டை எந்தக் கணக்கில் எழுதுவது? வாக்குப்பெட்டியோடு முடியும் பொறுப்பு அரைப்பொறுப்பே. கருத்துரையாளனுக்கு அந்த அரையும் இல்லை என்பதே நாம் கூற வந்தது.

பின்னைய ஆண்டுகளில் இவர் உரையில் வசை மிகுந்தது. 2008 மார்ச்சில் பில் ரிச்சர்ட்சன் ஹிலாரி கிளின்டனை விட்டு ஒபாமாவை ஆதரித்தபோது, அவரை முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாசோடு ஒப்பிட்டார். கிறித்தவர் புனித வாரத்தில் கூறியது என்பதால் ஒப்பீடு கூர்மை பெற்றது. 2000இல் பற்றுறுதியைப் போற்றி ஒரு நூலே எழுதியவர் ஆதலின் இதனை நிலைதவறிய சொல் எனல் ஆகாது. அவர் அறத்தின் மையம் அதுவே. 2009இல் தம் கட்சி இன்னும் நாற்பதாண்டு ஆளும் எனத் தலைப்பிலேயே அறைகூவி ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டே கீழவையில் அக்கட்சி 63 இடங்களை இழந்தது. ஆரூடம் பொய்த்தது, இருக்கை போகவில்லை.

ஆயினும் இவரை ஏனைய திரைப்பேச்சாளரோடு ஒன்றாக எண்ணுதல் முறையன்று. துலேன் பல்கலைக்கழகத்திலும் தாம் படித்த லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் மாணவர்க்குக் கற்பித்தார். 2024 ஜூலையில், தம் கட்சித் தலைவர் பலர் வாய்மூடியிருந்த வேளையில், பைடன் போட்டியினின்று விலகுதல் வேண்டும் என எழுதினார். அம்மாத இறுதிக்குள் அது நிகழ்ந்தது. எதிரியை ஏசுதல் எளிது. தம் அவையில் தம்மவர் விரும்பாததைக் கூறுதல் அரிது. லிட்டில் ராக் பணிமனையின் குரலை மீண்டும் நாம் கேட்டது அப்போதுதான். அதே ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், கமலா ஹாரிஸ் வெல்வது உறுதி என மூன்று காரணம் காட்டி நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். இரு வாரத்தில் ஹாரிஸ் தோற்றார்.

2025 ஜனவரி 2ஆம் நாள் அதே இதழில் தாம் பிழைபட்டதைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டு மற்றொரு கட்டுரை வரைந்தார். கருத்துரையாளர்க்கு இல்லாத தவணை நாளைத் தாமே தமக்கு விதித்துக்கொண்ட செயல் அது. தோல்விக்குக் காரணம் கூறுமிடத்து முப்பதாண்டுக்கு முந்திய தம் தொடரையே மீண்டும் எடுத்தாண்டார். பலகையில் இல்லாமல் பின்னர் வந்து சேர்ந்த சிறு தொடர் இப்போது மூன்றாகப் பெருகி, இருந்தது, இருக்கிறது, இருக்கும் என முக்காலமும் காட்டி நிற்கிறது. மூன்றாம் அடி அங்கும் இல்லை. ஈற்றில் விளி மட்டும் மாறாமல் உள்ளது. தம் பிழையைத் தாமே உரைக்கும் கட்டுரையில் அது வருதலின், விளிக்கப்பட்டோருள் எழுதியவரும் ஒருவராகிறார். 1992ஆம் ஆண்டுச் சுவரில் இருந்ததும் அவ்வாறே.